நூற்றுக்கு முப்பத்தெட்டு

ஜூன் 10, காலை பத்தரை மணி. 412 பேர் எழுதி 171 பேர் தவறிய தேர்வு முடிவைத் தூக்கிக்கொண்டு கோமதிநாயகம் வந்தார். அவர் ஒரு கலைக் கல்லூரியின் முதல்வர்.

வந்தது பக்கத்து ஊர்க் கல்லூரி முதல்வர் மெஹருன்னிசாவிடம். கோமதிநாயகத்தைவிட ஒன்பது வயது இளையவர். மற்ற முதல்வர்கள் யோசனை கேட்டு வருவது அவரிடம்தான்.

"மேடம், அடுத்த பருவமும் ஃபெயிலானவங்க நூறைத் தாண்டினா ராஜினாமா எழுதிக் கொடுன்னு நிர்வாகம் சொல்லிட்டுது."

"என்ன செய்யப் போறீங்க?"

அவர் நாற்பது பக்கத் திட்டம் ஒன்றை நீட்டினார். சனிக்கிழமைச் சிறப்பு வகுப்பு, புதிய புரொஜெக்டர், கைரேகை வருகைப்பதிவு.

"உள்தேர்வு விடைத்தாளெல்லாம் எங்கே சார்?"

கோமதிநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பீரோவுல. துறைவாரியா கட்டி, நம்பர் போட்டு. ஆய்வுக் குழு கேட்டா ரெண்டு நிமிஷத்துல எடுத்து வைப்போம்."

"பிள்ளைங்க பார்ப்பாங்களா?"

"பார்க்காம? மார்க்கைப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, அந்த மணி நேரத்துலயே திருப்பித் தந்துடணும். ஒரு தாள் வெளியே போனதில்லை."

மெஹருன்னிசா சிவப்புப் பேனாவை எடுத்தார். திட்டத்தை வாசித்தார்.

ஓரங்களில் எழுதினார். அடித்தார். இரண்டு பக்கங்களில் நீளமாக எழுதினார்.

கோமதிநாயகம் கழுத்தை நீட்டிப் பார்த்தார். தலைகீழாகத் தெரிந்ததில் ஒன்றும் புரியவில்லை.

முக்கால் மணி நேரம் ஆனது. முதல் பக்கத்தில் 38 என்று போட்டு வட்டமிட்டார்.

"இங்கே ஒரு கையெழுத்து சார்."

போட்டார்.

மெஹருன்னிசா திட்டத்தை வாங்கினார். நூலால் கட்டினார். பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"போயிட்டு வாங்க."

"மேடம்?"

"மார்க்கைப் பார்த்தீங்கல்ல?"

"விளையாடாதீங்க மேடம். எங்கே தப்புன்னு தெரியாம நான் எதைத் திருத்துவேன்?"

"பத்திரமா இருக்கும் சார். குழு வந்தா ரெண்டு நிமிஷத்துல எடுத்து வைப்பேன்."

"திட்டத்தோட நகல் என்கிட்டயே இருக்கு. நீங்க ஓரத்துல எழுதினதுதான் எனக்கு வேணும்!"

டீ வந்தது. மெஹருன்னிசா குடித்தார்.

கோமதிநாயகத்தின் டீ ஆறியது.

பிறகு அவர் செல்போனை எடுத்துத் தம் அலுவலகக் கண்காணிப்பாளரை அழைத்தார்.

"சுடலைமணி, பீரோவையெல்லாம் திற. தாள்களை அந்தந்தப் பிள்ளைங்க கையில கொடு. இனிமே திருப்பி வாங்க வேண்டாம்."

மறுமுனையில் குரல் உயர்ந்தது. "ஐயா, குழு வந்து கேட்டா?"

"பிள்ளைங்ககிட்ட கேட்டு வாங்கிப் பார்க்கட்டும்."

ஜனவரி 22 அன்று நிர்வாகக் குழு கூடியது. தவறியவர்கள் 64 பேர். ராஜினாமா கேட்கப்படவில்லை.