முள் ஃபுல்லில் நிற்கிறது

கோயமுத்தூரில் வரதராஜுலு என்றொரு மில் முதலாளி இருந்தார். அவர் சொன்னால் சொன்னதுதான். பழைய கார்களின் அணிவகுப்பு புறப்படும் நேரம் பார்த்து, பெட்ரோலை மின்பம்பு இறைத்துத் தரும் அவருடைய இன்ஜெக்‌ஷன் கார் கிளம்ப மறுத்தது.

டிரைவர் மயிலாத்தாள் சாவியைத் திருப்பிக் காது கொடுத்தாள். பின்னால் பெட்ரோல் கிடைக்காமல் பம்பு வெறுமனே இரைந்தது. "டாங்க்ல பெட்ரோல்..." என்று ஆரம்பித்தாள்.

"பெட்ரோல் முள் ஃபுல்லுல நிக்குது, கண்ணு தெரியலையா?" என்று இடைமறித்தார் முதலாளி. "டாங்க் காலின்னு சொன்னீன்னா சாவியக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிரு. ஆனா வண்டி இப்பவே கிளம்பணும்."

"டாங்க் நெறஞ்சுதானுங்க இருக்குது," என்றாள் மயிலாத்தாள். "பாவம், அந்தப் பத்திரிகை போட்டோக்காரரு மொபெட்டு பெட்ரோல் இல்லாம நிக்குது. நம்ம டாங்க்லிருந்து ஒரு பாட்டில் குடுக்கட்டுங்களா?"

முதலாளி கூட்டத்தைப் பார்த்து மீசையைத் தடவினார். "ஒண்ணென்ன, அஞ்சு பாட்டில் குடு. எல்லாரும் பாக்கட்டும்."

மயிலாத்தாள் டாங்க்குக்குள் டியூபை விட்டு உறிஞ்சினாள். எல்லாரும் பார்த்தார்கள். காற்றுதான் வந்தது. போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார்.

"அய்யா, நானா ஒண்ணும் சொல்லலீங்க," என்றாள் அவள் மெதுவாக. "பங்க்குக்கு ஓடிட்டு வந்துரட்டுங்களா?"

முதலாளி தலையை மட்டும் ஆட்டினார்.

கடைசியாகக் கிளம்பினாலும், அன்றைக்கு அதிகக் கைதட்டல் அந்தக் காருக்குத்தான். பின்சீட்டில் முதலாளி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வர, மயிலாத்தாள் தலை நிமிர்ந்து ஓட்டிப் போனாள்.