பந்துக்குப் பின்னால் நின்ற தகப்பன்

குருவுக்கு வயது இருபத்து நான்கு. சீடருக்கு ஐம்பத்தாறு.

பிள்ளையிடம் பாடம் கேட்ட தகப்பன் நமக்குப் புதிதில்லை. அந்தக் கதையில் பிள்ளை மலைமேல் நின்றார். இந்தக் கதையில் பிள்ளை புல்தரையில், கையில் கோல்ஃப் மட்டையோடு நின்றாள்.

பெயர் ஆரபி. கனடாவில், ஸ்கார்பரோவில் பிறந்தவள். பாதி வருடம் பனி மூடிக் கிடக்கும் ஊரில் கோல்ஃப் பழகுவது சுலபமில்லை. பனிக்காலத்தில் அடுக்குமாடியின் கீழே, கார்கள் நிற்கும் இடத்தில் பழைய கம்பளத்தை விரித்து அதன்மேல் பந்தை உருட்டிப் பழகினாள். பதினேழு வயதில் மாகாணச் சாம்பியன் ஆனாள். அமெரிக்கக் கல்லூரி ஒன்று அழைத்துப் படிக்க வைத்தது. படிப்பு முடிந்து ஒரு வருடம் சின்னப் போட்டிகளில் அலைந்தாள். பிறகு பெரிய சுற்றில் ஆடும் உரிமை கிடைத்தது. அதை எல்லோரும் கார்ட் என்பார்கள். வருடக் கடைசியில் பட்டியலில் மேலே இருப்பவர்களுக்குத்தான் கார்ட் நிற்கும். கீழே இருப்பவர்கள் திரும்பத் தகுதிச் சுற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

தகப்பன் பெயர் தயாபரன். ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை செய்தவர். பகலில் தூங்க வேண்டிய நேரத்தில் மகளை மைதானத்துக்குக் கூட்டிப்போய், அவள் அடிப்பதைப் பின்னால் நின்று பார்ப்பார். தாய் வீட்டை ஓட்டினாள். இவர் காரை ஓட்டினார்.

நல்ல மனிதர். அவரிடம் ஒரே ஒரு பழக்கம் இருந்தது. மகளுக்கு எது பிசகினாலும், "என்ர பிழை" என்பார். சின்ன வயதில் அவள் பந்தைத் தண்ணீருக்குள் அடித்தபோது, நீளம் போதாத மட்டை வாங்கிக் கொடுத்தது தன் பிழை என்றார். கணக்குப் பாடத்தில் அவள் தோற்றபோது, அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது தன் பிழை என்றார். ஒருமுறை மழையால் ஒரு போட்டி நின்றுபோனது. அதற்கும் கொஞ்ச நேரம் யோசித்தார்.

மே மாதத்தில், ஆரபியின் மட்டைப் பையைத் தூக்கி வந்த ஆள், பட்டியலில் அவளைவிட மேலே இருந்த ஒருத்தியிடம் போய்விட்டான். தயாபரன் அப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார்.

"நான் தூக்கிறன்" என்றார்.

"மைதானத்துக்குள்ள நான் சொல்லுறதுதான் அப்பா."

"சரி, குருவே" என்று கும்பிட்டார். பகிடியாகச் சொன்னதுதான். பெயர் ஒட்டிக்கொண்டது.

சீடர் நிறையக் கேள்வி கேட்டார்.

"அடிச்சுக் கிளப்பின புல்லை ஏன் திருப்பி வைக்கிறாய்? நாங்கள் இந்தப் பக்கம் இனி வரப்போறேல்லையே."

"வாறவை வருவினம்."

"பிழையா ஒரு அடி அடிச்சால் பேந்து அதை எப்பிடி மறக்கிறது?"

"மறக்கிறேல்லை. அடுத்த பந்திட்டை நடக்கிறது."

"நடந்தாப் போதுமோ?"

"பந்து தூரமா இருந்தால் போதும்."

இப்படி இரண்டு மாதம் போனது. அவருக்கு ஒன்று நன்றாக வந்தது. குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரையில் பந்து எந்தப் பக்கம் வளையும் என்று சொல்லிவிடுவார். கண்ணால் பார்ப்பதில்லை. பந்துக்கும் குழிக்கும் இடையே ஓரமாக மெல்ல நடந்து, எந்தக் கால் பாரமாகிறது என்று பார்ப்பார். முதலில் ஆரபி நம்பவில்லை. பிறகு நம்பினாள்.

ஜூலையில் அந்தப் பிசகு நடந்தது.

கோல்ஃபில் ஒரு விதி உண்டு. ஆட்டக்காரர் அடிப்பதற்குக் காலூன்றிவிட்டால், அடித்து முடியும்வரை, பை தூக்குகிறவர் பந்துக்குப் பின்னால், அது போகவேண்டிய நேர்கோட்டில் நிற்கக்கூடாது. நின்றால் ஆட்டக்காரரின் கணக்கில் இரண்டு அடி கூடும். முதல் நாளே ஆரபி இதைச் சொல்லியிருந்தாள். தயாபரனும் விலகியே நின்று வந்தார். அன்றைக்குப் பதினான்காம் குழியில் அவள் பந்து கொஞ்சம் சிக்கலான இடத்தில் கிடந்தது. அவள் காலூன்றிக் குனிந்தாள். கவலை அவரை இழுத்தது. இரண்டு எட்டு வைத்துப் பின்னால் போய், கைகளைக் கோத்துக்கொண்டு நின்றார். எட்டு வயதிலிருந்து அவளை அவர் அப்படி நின்றுதான் பார்த்திருக்கிறார்.

அவள் அடித்தாள். நல்ல அடி. நடுவர் வந்து மரியாதையாக விஷயத்தைச் சொன்னார்.

இரண்டு நாள் ஆட்டம் முடிந்ததும் பின்தங்கியவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆரபி ஒரே ஒரு அடியில் பின்தங்கினாள்.

தங்குமிடத்துக்குப் போகும் வழி முழுவதும் தயாபரன், "என்ர பிழை, என்ர பிழை" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஆரபி சாண்ட்விச் சாப்பிட்டாள். கடைசியில் அவருக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

"நான் ஒண்டு கேக்கிறன். பெத்த பிள்ளைக்குப் பின்னால ஒரு தகப்பன் நிக்கிறது உலகத்தில எங்கயாவது குற்றமோ?"

ஆரபி சாண்ட்விச்சை முடித்தாள். கைகளைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஊருக்குத் திரும்பும் வழியில், சாலையோரத்தில் ஒரு சின்ன மைதானத்தில் காரை நிறுத்தச் சொன்னாள். பழகுவதற்கான புல்தரையில் ஆளில்லை. குழிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பந்தை வைத்து, மட்டையை அவர் கையில் கொடுத்தாள்.

"போடுங்கோ."

"நானோ? நான் ஒரு நாளும் அடிச்சதில்லையே."

"அதுதான் போடுங்கோ."

அவர் குனிந்தார். அவள் அவருக்குப் பின்னால் போய் நின்றாள். அவர் அடித்தார். பந்து எங்கோ போனது. இன்னொன்று வைத்தாள். அவர் திரும்பி அவளைப் பார்த்துவிட்டு அடித்தார். அதுவும் போனது. மூன்றாவதுக்கு அடிக்கவே இல்லை.

"நீ பின்னால நிண்டால் எனக்குக் கை ஓடேல்லை, பிள்ளை."

"நான் ஒண்டும் செய்யேல்லையே."

"செய்யேல்லைத்தான். ஆனா ஒவ்வொருக்காலும் உன்ர முகத்தைப் பாக்கச் சொல்லுது."

"சரி."

அவள் மட்டையை வாங்கவில்லை. நடந்துபோய், கார் நிறுத்துமிடத்துக்கு அப்பால் ஒரு வாங்குப் பலகையில் உட்கார்ந்து, முதுகைக் காட்டியபடி காப்பி குடித்தாள். தயாபரன் தனியே அடித்துக்கொண்டிருந்தார். நிறையத் தவறின. கனநேரம் கழித்து ஒரு சத்தம் கேட்டது.

"விழுந்திட்டுது! பிள்ளை, விழுந்திட்டுது! பாத்தனியோ?"

"இல்லை."

"ஒருக்காத் திரும்பிப் பாத்திருக்கலாம்."

"விழுந்ததுதானே?"

"விழுந்தது."

"ஆர் போட்டது?"

"நான்தான்."

அவள் வந்து மட்டையை வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

தயாபரன் குழியிலிருந்து பந்தை எடுத்தார். பிறகு, "எனக்கு விளங்கிட்டுது" என்றார்.

இந்த மாதிரிக் கதைகள், சீடர் இப்படிச் சொல்லும் இடத்தில் வழக்கமாக முடிந்துவிடும். இந்தக் கதை முடியவில்லை. ஏனென்றால் அவருக்கு விளங்கவில்லை. விலகி நிற்க வேண்டும் என்பது மட்டும் விளங்கியிருந்தது.

அதன்பிறகு அவர் விலகி நின்றார். மற்றவர்கள் இரண்டு எட்டு விலகினால் இவர் பத்து எட்டு விலகினார். புல்லுக்கு வெளியே, வேலி இருந்தால் வேலியோரம், பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார். நடுவர் ஒருவர், இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்று சிரித்தார். தயாபரன் சிரிக்கவில்லை.

வருடத்தின் கடைசிப் போட்டி தெற்கே ஒரு வெயில் ஊரில் நடந்தது. ஆரபி நன்றாகவே ஆடிவந்தாள். ஆனால் ஜூலையில் போனது போனதுதான். பட்டியலில் அவள் பெயர் கார்ட் நிற்கும் எல்லைக்குச் சற்றுக் கீழே நின்றது. நான்காம் நாள் கடைசிக் குழிக்கு வரும்போது எல்லாம் ஒரு பந்தில் வந்து நின்றது. குழிக்கு ஐந்தடி தூரம். இது விழுந்தால் கார்ட் நிற்கும். விழாவிட்டால் போகும். இருவருக்கும் தெரியும். புல்தரையைச் சுற்றி நின்றவர்களில் பலருக்கும் தெரியும்.

தயாபரன் பந்துக்கும் குழிக்கும் இடையே ஓரமாக மெல்ல நடந்தார். ஒருமுறை போனார். ஒருமுறை வந்தார். அவருடைய சட்டை நனைந்திருந்தது. இந்த மாதங்களில் இவ்வளவு நேரம் அவர் எங்கும் எடுத்ததில்லை.

"குழிக்கு இடப்பக்கம், ஒரு பந்தகலம் வெளியில குறி வை. வலப்பக்கம் வளைஞ்சு வரும்" என்றார்.

"வடிவாத் தெரியுமோ?"

"வடிவாத் தெரியும்."

"ம்" என்றாள் ஆரபி.

அவர் விலகிப் போனார். வேலியோரம் போய்ப் பக்கவாட்டில் நின்றார். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் பந்து போவது தெரியும். எந்தக் கோட்டில் போகிறது என்பது தெரியாது. அது பின்னால் நிற்பவர்களுக்குத்தான் தெரியும்.

ஆரபி பந்துக்குப் பின்னால் குந்தியிருந்து பார்த்தாள். எழுந்தாள். காலூன்றினாள். அடித்தாள்.

பந்து குழியின் வலது விளிம்பில் ஏறி, அரைவட்டம் சுற்றி, வெளியே வந்து நின்றது.

கூட்டம் "ஆ" என்றது. ஆரபி கிட்டப்போய் அதைத் தட்டி உள்ளே போட்டாள். தொப்பியைக் கழற்றி, கூட ஆடியவளோடு கைகுலுக்கினாள். அந்தப் பெண் இவளைக் கட்டிக்கொண்டாள். ஆரபியின் முகத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. கழுத்து மட்டும் சிவந்திருந்தது.

தயாபரன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் வந்தார்.  காரைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

"என்ர பிழை, பிள்ளை. ஒரு பந்தகலம் எண்டு சொல்லியிருக்கப்படாது. ரெண்டு எண்டு சொல்லியிருக்கோணும். நான் நினைச்சதிலும் கூட வளைஞ்சிட்டுது. உன்ர கார்ட்டை நான்தான் துலைச்சன்."

"இல்லை அப்பா. நீங்கள் சொன்ன கோடு சரி."

"சரி எண்டால் ஏன் விழேல்லை?"

"நான் அதில அடிக்கேல்லை."

அவர் கண்ணைத் துடைப்பதை நிறுத்தினார்.

"எனக்கு நேராத் தெரிஞ்சுது. நேரா அடிச்சனான்" என்றாள்.

"நான் சொன்ன கோட்டில அடிச்சிருந்தால்?"

"விழுந்திருக்கும்."

அவர் பையைத் தரையில் வைத்தார். இத்தனை மாதத்தில் அவள் சொல்லாமல் அவர் பையைக் கீழே வைத்தது அதுதான் முதல்தடவை.

"என்னட்டைக் கேட்டனிதானே?"

"கேட்டனான்."

"நான் சொன்னனான்தானே?"

"சொன்னீங்கள். பேந்து நானும் குந்தியிருந்து பாத்தன். எனக்கு நேராத்தான் இருந்தது."

"ஒரு வருசம், பிள்ளை! இனிப் போய் முதலிலயிருந்து தொடங்கோணும். சின்னப் பிள்ளையளோட நிண்டு தகுதிச் சுற்று ஆடோணும்."

"ஓம். ஆடோணும்."

"உனக்குக் கவலையா இல்லையோ?"

"இருக்கு. சரியான கவலை. அறைக்குப் போய் அழுவன்."

காருக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்துக்கொண்டு போனார்கள். தயாபரன் மைதானத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கொடியைக் கழற்றிக்கொண்டு ஒருவர் போய்க்கொண்டிருந்தார். தயாபரன் தலையை ஆட்டினார். மெல்ல, தனக்குத்தானே சொல்வது போல, ஆனால் அவளுக்கும் கேட்கும்படி சொன்னார்.

"நான்தான் இன்னும் வடிவா விளங்கப்படுத்தியிருக்கோணும். உனக்கு நம்பிக்கை வாற மாதிரிச் சொல்லேல்லை. இதுவும் என்ர பிழைதான்."

ஆரபி காரின் பின்கதவைத் திறந்தாள்.

"இது என்ர பிழை, அப்பா. நீங்கள் பையைத் தூக்குங்கோ."