பனையைச் சுற்றாத குதிரை

மலையடிவாரத்துப் பாளையம் ஒன்றில் நாச்சிமுத்து என்று ஒரு குதிரைப்படைத் தலைவன் இருந்தான்.

ஆளின் மிடுக்கைச் சொல்லி மாளாது. முறுக்கிய மீசை, பட்டுக் கச்சை, வெள்ளிப் பூண் போட்ட சவுக்கு. ஐம்பது வயதிலும் ஓடுகிற குதிரைமேல் தாவி ஏறுவான். அப்பேர்ப்பட்டவன் ஒரு கார்த்திகைக் காலையில், தன் குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு, வேலாத்தாளின் கொட்டகைக்கு நடந்தே வந்து நின்றான்.

வேலாத்தாள் அவனைவிட வயதில் ரொம்பச் சின்னவள். ஆனாலும் அந்தச் சீமையில் குதிரை பழக்குகிறவர்கள் எல்லாரும் அவளைத்தான் ஆசான் என்பார்கள். மழை ஓய்ந்து பனி இறங்குகிற காலத்தில் அவளிடம் குதிரையை ஒப்படைத்தால், தை மாசப் பந்தயத்துக்குள் பழக்கி அனுப்பிவிடுவாள்.

அவன் வந்தபோது அவள் ஒரு கறுப்புக் குதிரையின் காலை மடித்துப் பிடித்துக் குளம்பில் அப்பியிருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணா. என்ன சங்கதி?"

"இது செவலைங்க அம்மிணி. குட்டியில இருந்து நான் வளத்தது. ஓடுறதுல இதை அடிச்சுக்க ஆளில்லை. ஆனா பனையைச் சுத்த மாட்டேங்குது."

தை பிறந்தால் அந்தப் பாளையத்தில் குதிரைப் பந்தயம் நடக்கும். கோயில் வாசலில் கிளம்பி, மந்தைப் பொட்டலின் கடைசியில் நிற்கும் ஒற்றைப் பனையைச் சுற்றிக்கொண்டு திரும்பி வர வேண்டும். செவலை முதல் ஆளாகத்தான் போகும். பனை நெருங்கியதும் என்ன கண்றாவியைப் பார்க்குமோ, வெருண்டு இடதுபக்கம் விலகிக் காட்டுக்குள் ஓடிவிடும். போன மூன்று தையிலும் இதே கதை. முதல் தடவை அவனையும் கீழே உருட்டிவிட்டது. தோள் எலும்பு முறிந்து கிடந்த படைத்தலைவனை ஊரே பார்க்கக் கட்டிலில் போட்டுத் தூக்கிப் போனார்கள்.

"பேய் இருக்குன்னு சொன்னாங்க. பூசாரியைக் கூட்டிட்டுப் போயி பனைக்குக் கோழி அறுத்தேன். கண்ணுக்கு மறைப்புக் கட்டிப் பாத்தேன். நெத்தியில கெட்ட சுழி இருக்குன்னாங்க. அந்த முடியைச் சிரைச்சே விட்டேன்."

ஆசான் செவலையின் நெற்றியைப் பார்த்தாள். சிரைத்த இடத்தில் முடி அதே சுழியோடு ஜம்மென்று முளைத்திருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"அடிச்சீங்களா?"

"அடிச்சேனுங்க. பயத்தை விரட்டணுமே."

"இந்தத் தைக்குள்ள ஆகணும்னு என்ன அவசரம்?"

அதுவரை இருந்த மிடுக்கு அங்கே கழன்றது.

"பாளையக்காரர் சொல்லிட்டாருங்க. செயிக்காட்டிப் போவுது, பனையைச் சுத்தாத குதிரை படைக்கு ஆகாதாம். இந்தத் தையும் விலகுச்சுன்னா உப்புக்காரங்களுக்குப் பொதி சுமக்கக் குடுத்துருவாராம். பொதி சுமந்தா இது ரெண்டு கோடை தாங்காதுங்க அம்மிணி. இதோட பயத்தை எப்படியாச்சும் எடுத்து விடுங்க."

ஆசான் கறுப்புக் குதிரையின் காலைக் கீழே விட்டாள்.

"செவலை கொஞ்ச நாள் இங்க மேயட்டும். அதுவரைக்கும் நீங்க இவ மேல ஏறிப் பழகுங்க. பேரு அமாவாசை."

அமாவாசை முகத்தைத் திருப்பியது. இரண்டு கண்ணும் பால் படர்ந்து வெளுத்துப் போயிருந்தன.

"இதுக்குக் கண்ணு தெரியாதுங்களே!"

"ஆமாங்கண்ணா."

படைத்தலைவனுக்குக் குருட்டுக் குதிரை. அவனுக்குச் சுர்ரென்று ஏறியது. கிளம்பிவிடலாம் என்றுதான் திரும்பினான். செவலை வேலியோரம் எதையும் அறியாமல் புல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் கோபத்தை விழுங்கிக்கொண்டு கொட்டகைக்குள் போனான்.

*

மார்கழி பிறந்தது. விடிந்தும் வெகுநேரம் வரை காடு பனிமூட்டத்துக்குள்தான் கிடக்கும். அந்தக் குளிரில் தினமும் அவனை ஏற்றிவிடுவாள்.

"கடிவாளம் வேண்டாம். சவுக்கும் வேண்டாம். உக்காந்து, போற இடத்தைப் பாருங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

முதலில் சில நாள் அமாவாசை நட்ட கல்லாக நின்றது. அவன் அதட்டினான், கெஞ்சினான், தெரிந்த வித்தையெல்லாம் காட்டினான். ஒன்றும் பலிக்கவில்லை. ஒருநாள் சலித்துப்போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தான். வலதுபக்கம் கிணற்று மேட்டில் ஒரு மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது. அட, எவ்வளவு நீலம் என்று பார்த்தான்.

குதிரை வலதுபக்கம் திரும்பி நடந்தது.

தற்செயல் என்று நினைத்தான். இடதுபக்கம் இருந்த வேம்பைப் பார்த்தான். குதிரை வேம்பை நோக்கிப் போனது. கிணற்றை நினைத்தான். கிணற்றுக்குப் போனது. அவன் வாயைத் திறக்கவில்லை, காலை அசைத்ததாகவும் நினைவில்லை. இறங்கி அதன் கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்தான். இமைகூடச் சிமிட்டவில்லை. அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிற்று.

பிறகு ஓடவே தொடங்கினார்கள். ஒருநாள் பனிக்குள் பாய்ந்து போகும்போது, சாய்ந்து கிடந்த முள்வேலி ஒன்று சட்டென்று முன்னால் தெரிந்தது. ஐயோ என்று மனசுக்குள் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் அமாவாசை நின்றிருந்தது. அதன் மூக்குக்கும் முள்ளுக்கும் ஒரு சாண்தான் இடைவெளி.

அப்படியே கழுத்தைக் கட்டிக்கொண்டான். எத்தனையோ குதிரை ஏறியவன். இப்படி ஒன்றை அவன் வாழ்நாளில் கண்டதில்லை. கண்ணில் நீர் முட்டியது, துடைக்கவும் தோன்றவில்லை.

திரும்பி வந்து இறங்கியபோது அவன் வாயில் அம்மிணி வரவில்லை.

"ஆசானே, இதுக்கு வழி காட்டறது யாருங்க?"

"வேர்வை காயட்டும், கொஞ்ச நேரம் பிடிச்சு நடத்துங்க. காயறதுக்கு முந்தி தண்ணி காட்டிராதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் கொள்ளு வேகவைக்கப் போய்விட்டாள்.

*

மார்கழி முடிகிற சமயத்தில் ஒரு காலை, ஆசான் அமாவாசையை மந்தைப் பொட்டலுக்கு நடத்திக்கொண்டு வந்தாள். பனி கலைந்துகொண்டிருந்தது. தூரத்தில் ஒற்றைப் பனை மங்கலாகத் தெரிந்தது.

"ஏறுங்கண்ணா. பனையைச் சுத்திட்டு வாங்க."

"இவ இதுக்கு முந்தி இங்க வந்திருக்காளா?"

"இந்த மண்ணை மிதிக்கிறதே இன்னைக்குத்தான்."

நாச்சிமுத்து சந்தோஷமாக ஏறினான். பனை ஒன்று இருப்பதே தெரியாத குதிரை, அதற்கு ஏன் வெருளப் போகிறது? நடை ஓட்டமாயிற்று, ஓட்டம் பாய்ச்சலாயிற்று. குளிர்காற்று முகத்தில் அறைந்தது. பனை பெரிதாகிக்கொண்டே வந்தது.

சரியாக அதே இடம். அமாவாசை விலுக்கென்று வெருண்டு இடதுபக்கம் விலகிக் காட்டை நோக்கிப் பறந்தது.

பிடரி மயிரைப் பிடித்துத் தொங்கி, எப்படியோ தப்பித் திரும்பி வந்தான். இறங்கினான். தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஆசானே, அங்க பனை இருக்குன்னு இதுக்கு யாரு சொன்னது?"

அவள் குதிரையின் நெஞ்சைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நாச்சிமுத்து தலையைக் குனிந்தான். அவனுடைய தொடை இரண்டும் இன்னும் இறுகிக் கிடந்தன. தளர்த்தப் பார்த்தான், அவை கேட்கவில்லை. கேள்விக்குப் பதில் அங்கேதான் நடுங்கிக்கொண்டிருந்தது.

பனையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"செவலையை நீங்க இந்தப் பனைக்குக் கூட்டிட்டு வந்து பாத்தீங்களா?"

"நீங்க வந்த வாரமே. ஏறி ரெண்டு சுத்து சுத்தினேன். மரத்துல மூக்கை உரசிட்டு வந்துச்சு."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"பொம்பளை ஏறினா சுத்துது, ஆம்பளையைத்தான் மதிக்கலைன்னு இன்னும் நாலு போட்டிருப்பீங்க."

போட்டிருப்பான் என்று அவனுக்கே தெரியும்.

அன்று கொட்டகைக்கு வந்ததும் செவலையிடம் போனான். முதுகிலும் விலாவிலும் சவுக்குத் தழும்பு வரிவரியாக இருந்தது. ஒவ்வொன்றையும் விரலால் தடவினான். தன் பயத்துக்குத்தான் இத்தனை அடியும் விழுந்திருக்கிறது. இந்த வாயில்லாத ஜீவன் அத்தனையும் வாங்கிக்கொண்டு, மறுபடி அவனையே ஏற்றிக்கொண்டு, பனை வரைக்கும் போய்ப் போய் வந்திருக்கிறது. அவன் குதிரையின் காலடியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான். செவலை அவன் தலைப்பாகையை மோந்து பார்த்துவிட்டு மேயப் போயிற்று.

*

பந்தய நாள். கோயில் வாசலில் தப்பட்டை முழங்கியது. பாளையக்காரர் பரிவாரத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டார். உப்புக்காரர்கள் இரண்டு பேர் ஓரமாக நின்று, செவலையின் முதுகை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாச்சிமுத்து ஆசானின் முன்னால் கைகட்டி நின்றான்.

"நீங்க ஏறுங்க ஆசானே. இல்லைன்னா வேற யாரையாச்சும் ஏத்துங்க. அது பனையைச் சுத்திரும், பொழைச்சுக்கும். நான் ஏறினா நானே அதை உப்புக்காரனுக்குப் புடிச்சுக் குடுத்த மாதிரி ஆயிரும்."

"அதுக்கப்புறம் செவலை யாருதுங்கண்ணா?"

"சுத்தறவங்களோடது. எனக்கு அது உசிரோட இருந்தாப் போதும்."

"பயம் இன்னும் போகலையா?"

"எங்கங்க போகுது? அப்படியேதான் இருக்குது."

"அது செவலைக்குத் தெரியுமா?"

"தெரியாம இருக்குமா?"

அவள் செவலையை அவிழ்த்துவிட்டாள். யாரும் இழுக்காமலே அது நேராக அவனிடம் வந்தது. பக்கவாட்டில் திரும்பி, ஏறுவதற்குத் தோதாக முதுகைக் கொடுத்து நின்றது.

நாச்சிமுத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"தெரிஞ்சுதான் நிக்குது. ஏறுங்க" என்றாள் ஆசான்.

ஏறினான்.

கொம்பு ஊதியதும் எப்போதும்போல் செவலைதான் முன்னால் பாய்ந்தது. புழுதி பறந்தது. பொட்டலின் கடைசியில், பனையைச் சுற்றி நின்ற கூட்டம், இவர்கள் வருவதைப் பார்த்ததுமே இடதுபக்கம் காட்டுக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. மூன்று வருசத்துப் பழக்கம் ஆயிற்றே.

பனை நெருங்கியது. அந்த இடம் வந்துவிட்டது. வேறொரு நாளாக இருந்தால் பல்லைக் கடித்து, நெஞ்சை நிமிர்த்தி, தொடையை இறுக்கிக் கடிவாளத்தைச் சுண்டி, ஊர் பார்க்கும்படி படைத்தலைவனாக உட்கார்ந்திருப்பான். இன்றைக்கு அதெல்லாம் கையைவிட்டு நழுவியது. துணிமூட்டை மாதிரி அதன் கழுத்தில் கவிழ்ந்தான்.

"செவலை, எனக்குப் பயமா இருக்குடா" என்று கத்தினான்.

கூட்டம் மொத்தமும் கேட்டது. கொல்லென்று சிரித்தது.

செவலையின் ஒரு காது பின்னால் திரும்பியது. பாய்ச்சலைக் குறைத்தது. ஓட்டமாயிற்று, பிறகு நடையே ஆயிற்று. பின்னால் வந்த குதிரைகள் ஒவ்வொன்றாக அவர்களைக் கடந்து போயின. இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு சந்தைக் கூட்டத்தில் போகிறவள் மாதிரி, அது அடி பார்த்து அடி வைத்து, பனையை ஒட்டியே சுற்றி வந்தது. சிரித்த கூட்டம் ஏனோ சிரிப்பை நிறுத்திவிட்டது. பனையோலை சலசலப்பது மட்டும் அவனுக்குக் கேட்டது.

பனை முதுகுக்குப் பின்னால் போனதும், கோயிலைப் பார்த்து ஒரே பாய்ச்சல்.

கடைசி ஆளாகத்தான் வந்து சேர்ந்தார்கள். பாளையக்காரர் எழுந்து நின்றார்.

"சுத்திருச்சு. நம்ம லாயத்துலயே கட்டுங்க" என்றார்.

உப்புக்காரர்கள் போய்விட்டார்கள். கூட்டமும் செயித்த குதிரையின் பின்னால் போயிற்று. ஆசான் செவலையைப் பிடித்து, வேர்வை காய மெல்ல நடத்திக்கொண்டிருந்தாள். நாச்சிமுத்து கூடவே நடந்தான்.

"ஆசானே, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்கண்ணா."

"பயம் போகலைங்க. சொல்லப்போனா, முன்ன இருந்ததைவிட இன்னைக்கு அதிகமாத்தான் இருந்துச்சு. அப்புறம் எப்படிங்க இது சுத்துச்சு?"

ஆசான் ஒரு கைப்பிடி வைக்கோலால் செவலையின் முதுகைத் துடைத்தாள்.

"பயந்த ஆளை எந்தக் குதிரையும் சுமக்கும்ங்கண்ணா. மூணு வருசமா உங்ககூட ஒரு வீரனும் சேந்து ஏறிக்கிட்டான். ரெண்டு பேருன்னா, பாவம், அது என்ன பண்ணும்?"