நாற்பத்தொரு நிமிடம்

வடதுருவத்தை ஒட்டிய தீவு ஒன்றில், இரண்டு மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே புகுந்து நிற்கும் ஓர் இடம். கரையில் ஒரு மரக்குடில். அதில் ஓர் ஆசிரியையும் அவருடைய மாணவரும் கடலைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்பதுதான் அவர்கள் தொழில்.

ஆசிரியை இசபெல் தூத்துக்குடிக்காரர், வயது நாற்பத்து மூன்று. மாணவர் தாணுமாலயனுக்கு ஐம்பத்தொன்று. நாகர்கோவிலில் இருபது வருஷம் பிசிக்ஸ் நடத்தியவர், ஆராய்ச்சி செய்தே தீருவேன் என்று வேலையை விட்டுவிட்டு வந்தார். வீட்டில் தலையில் அடித்துக்கொண்டார்கள். இவர் அவரை மேடம் என்பார், அவர் இவரை சார் என்பார். இதில் யார் யாருக்கு வாத்தியார் என்று பார்ப்பவர்கள் குழம்பினால் அது அவர்கள் தப்பில்லை.

அவர்கள் தேடியது திமிங்கலத்தை அல்ல, அரிசி மணி அளவே உள்ள மிதவை உயிர்களை. கோடிக்கணக்கில் கூடித் திரிபவை. மீனும் பறவையும் திமிங்கலமும் கடைசியில் இவற்றை நம்பித்தான் பிழைக்கின்றன. குளிர்காலத்தில் நான்கு மாதம் அங்கே சூரியன் எட்டிப் பார்க்காது, கடலும் பனி மூடிக் கிடக்கும். கண்ணால் ஆகிற காரியம் ஒன்றுமில்லை.

அதனால் கடலடியில் ஓர் எதிரொலிக் கருவியை இறக்கி வைத்திருந்தார்கள். அது ஓயாமல் மேல்நோக்கி ஒலியை அனுப்பும், எதன் மேலாவது பட்டுத் திரும்புவதைப் பதிந்துகொள்ளும். வருஷத்துக்கு ஒரு முறை வெளியே எடுத்துக் கணினியில் விரித்தால், எந்த நிமிடத்தில் எந்த ஆழத்தில் எவ்வளவு கூட்டம் என்று படமாக வரும்.

வந்த முதல் வாரமே இசபெல் ஒரு வேடிக்கை காட்டினார். பனியில் ஓட்டை போட்டு, கம்பி வழியே குடிலோடு இணைந்த ஒரு சின்ன எதிரொலிக் கருவியை இறக்கி, நெற்றி விளக்கை ஏற்றித் தண்ணீரைப் பார்த்தபடி குனிந்து நின்றார். குடிலில் இருந்த திரையில் அத்தனை கூட்டமும் ஆழத்துக்கு ஓடியது. விளக்கை அணைத்தார். சற்று நேரத்தில் எல்லாம் திரும்பி வந்தன. இதுகளுக்கு வெளிச்சம் ஆகாது, மேலே விளக்கு இருக்கிற வரைக்கும் கிட்ட வராது என்று அப்போது சொன்னார். தாணு அதை நோட்டில் எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டார். பழைய வாத்தியார் புத்தி.

போன ஜனவரி வரை அவர்கள் மூன்று பேராக இருந்தார்கள். மூன்றாமவர் சுயம்பு, திசையன்விளைக்காரர், மெக்கானிக். எதை உடைத்துக்கொண்டு வந்து நீட்டினாலும் "வச்சிட்டுப் போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுநாள் ஓடவைத்துக் கொடுப்பார். அப்படி ஒரு மனிதர் கூட இருந்தால் துருவம்கூடப் பழகிப்போகும்.

பனிமேல் ஒருவர் போனால் குடிலில் ஒருவர் வாக்கிடாக்கி முன் உட்கார்ந்திருக்க வேண்டும். அது இசபெல் போட்ட சட்டம். ஒருநாள் முற்பகல், அந்தக் காலத்தில் முற்பகலும் கும்மிருட்டுதான், சுயம்பு பனி ஸ்கூட்டரில் கிளம்பிப் போனார். கருவிக்கு நேர்மேலே பனியின் கனத்தை அளக்க வேண்டியிருந்தது. இசபெல் அன்று தலைமை நிலையத்தில் இருந்தார். குடிலில் தாணு.

பன்னிரண்டு மணிக்குத் திரும்ப வேண்டியவர் திரும்பவில்லை. தாணு கூப்பிட்டுப் பார்த்தார், பதில் இல்லை. விளக்கை எடுத்துக்கொண்டு ஓடினார். இரண்டு கிலோமீட்டர். பனியில் ஓர் ஓட்டை மட்டும் இருந்தது. மூன்றாம் நாள் முக்குளிப்பவர்கள் வந்து உடலை எடுத்துக் கொடுத்தார்கள். நெற்றியில் விளக்கும் தோளில் வாக்கிடாக்கியும் மாட்டியபடியே இருந்தன.

விசாரணை அறிக்கையில் இசபெல் இப்படி எழுதினார்: "பனி தாங்கும் என்று சொன்னது நான். அதை நம்பித்தான் போனார்." தாணு எழுதியது இது: "வாக்கிடாக்கி முழுச் சத்தத்தில் இருந்தது. அழைப்பு எதுவும் வரவில்லை."

இசபெல் பக்கத்தில் நிற்க, சுயம்புவின் மனைவி லிங்கேஸ்வரி தாணுவிடம் போனில் அழுதுகொண்டே ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அண்ணாச்சி, அவுக கடைசியா எதும் சொன்னாகளா?"

"அதுக்கு நேரமே இல்லம்மா. ஒரு நொடியில முடிஞ்சிட்டு."

"பிள்ளைகள நெனைக்கக்கூட நேரம் இல்லாம போயிட்டாகளா?"

தாணு ஆமாம் என்றார். அந்தப் பெண்ணுக்கு அது ஆறுதல் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். நல்லது செய்துவிட்டோம் என்று நம்பவும் பார்த்தார். நம்ப முடியவில்லை என்பது வேறு விஷயம்.

கோடை வந்தது. பனி உடைந்தது. கருவியை வெளியே எடுத்தார்கள்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பதிவில் எல்லாமே வந்துவிடும். பனி உராயும் சத்தம், கப்பல் போகும் சத்தம், எல்லாமே. கணக்கெடுப்புக்கு முன் ஒருவர் உட்கார்ந்து, வேண்டாத இடங்களைச் சுற்றித் திரையில் பெட்டி போட வேண்டும். பெட்டிக்குள் போனது கணக்கில் சேராது, அப்படி ஒன்று நடந்ததாகவே பிறகு யாருக்கும் தெரியாது. தாணு இதில் கெட்டிக்காரராகிவிட்டிருந்தார். மூன்று வாரமாகப் பெட்டிமேல் பெட்டியாகப் போட்டு வந்தவர் ஒருநாள் காலையில் அந்த ஜனவரி நாளுக்கு வந்து சேர்ந்தார்.

பதினொரு மணி பன்னிரண்டு நிமிடம் வரை எல்லாம் வழக்கம்போல் இருந்தது. பனிக்கு அடியில் அடர்த்தியாகக் கூட்டம். பிறகு ஒரு தடித்த கோடு மேலிருந்து நேராக அடிவரை இறங்கியது. அது ஸ்கூட்டர். அதே நேரத்தில் கூட்டம் முழுக்க ஆழத்துக்கு ஓடியிருந்தது.

ஸ்கூட்டர் விழுந்த கலக்கத்தில் ஓடியிருக்கும் என்று தாணு நினைத்தார். திரையை நகர்த்தினார். ஐந்து நிமிடம் ஆகியும் கூட்டம் மேலே வரவில்லை. பத்து நிமிடம். இருபது. பனிக்கு அடியில் வெறுமையாகவே கிடந்தது. பதினொன்று ஐம்பத்து மூன்றுக்கு ஒரு மெல்லிய கோடு மேலிருந்து புறப்பட்டு மெதுவாக, மிக மெதுவாக இறங்கியது. அது போகிற வழியெல்லாம் கூட்டம் இருபக்கமும் விலகி நின்றது. கோடு அடியைத் தொட்ட பிறகுதான் உயிர்கள் பனிக்கடியில் பழையபடி கூடின.

மேலே விளக்கு இருக்கிற வரைக்கும் கிட்ட வராது. அப்படியானால் அவ்வளவு நேரமும் சுயம்பு ஓட்டையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மேலேயே இருந்திருக்கிறார்.

தாணு எழுந்து போய் முகம் கழுவினார். திரும்பி வந்தார். அந்த இடத்தைச் சுற்றி ஒரு பெட்டி போட்டார். ஆனால் அதை முடிக்கும் பொத்தானை அழுத்த மனம் வரவில்லை. இசபெல்லைக் கூப்பிட்டார்.

"மேடம், இந்த இடத்துல ஸ்கூட்டர் விழுந்த இரைச்சல் இருக்கு. வெட்டிரட்டுமா?"

இசபெல் திரையைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரம் சார் பெட்டி?"

"நாப்பத்தொரு நிமிஷம்."

"ஸ்கூட்டர் கீழ போக எவ்வளவு ஆச்சு?"

"ஒரு நிமிஷம் இருக்கும்."

"மிச்சம்?"

தாணு திரையைத் தொடக்கத்துக்கு நகர்த்தினார். இசபெல் நின்றபடியே அந்தப் படத்தை முதலிலிருந்து ஒருமுறை பார்த்தார். மெல்லிய கோடு இறங்கும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அலமாரிக்குப் போய் இரண்டு வாக்கிடாக்கிகளை எடுத்து வந்தார். ஒன்றைத் தாணுவின் முன் மேசையில் வைத்தார்.

"அன்னிக்கு எப்படி வச்சிருந்தீங்களோ, அப்படி வைங்க."

பொய் சொல்லத் தாணுவுக்கு அது நல்ல வாய்ப்பு. வால்யூமைக் கடைசிவரை திருகி வைத்தால் போதும், அறிக்கையில் எழுதினபடியே இருந்திருக்கும். கையும் அதற்குத்தான் போனது. குமிழில் விரல் பட்டதும் அன்றைய காலை அவருக்கு ஞாபகம் வந்தது. தண்ணீருக்குள் மைக் இறக்கி ஹெட்ஃபோனில் கடலைக் கேட்டுக்கொண்டிருந்தார். கடல்நாய் ஒன்று பாடிக்கொண்டிருந்தது. வாக்கிடாக்கியின் இரைச்சல் நடுவில் புகுந்து தொல்லை செய்தது. அரை மணி நேரம்தானே என்று நினைத்தார்.

தாணு வால்யூமைக் கீழே திருகினார். சத்தம் முழுதாக அடங்கும்வரை திருகினார்.

இசபெல் அதைப் பார்த்தார். மேசையில் கிடந்த கடிகாரத்தையும் அவர் பக்கம் தள்ளி வைத்தார்.

"நான் கரைக்குப் போறேன். அன்னிக்குத் தொடல இல்ல, இன்னிக்கும் தொடாதீங்க."

போய்விட்டார். ஜன்னல் வழியே தாணு பார்த்தார். இசபெல் கூழாங்கல் கரையில் கடலைப் பார்த்து, குடிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோனார்.

மேசையில் இருந்த வாக்கிடாக்கியில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. அந்தப் பக்கம் யாராவது பேசினால் எரிகிற விளக்கு. கொஞ்ச நேரம் எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது.

அன்றைக்கு இந்த விளக்கு எரிந்ததா? தாணுவுக்குத் தெரியாது. அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. வாக்கிடாக்கி அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

ஆறாவது நிமிடத்தில் தாணு கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு நிமிடமே இவ்வளவு நீளமா என்றிருந்தது. பதினைந்தாவது நிமிடத்தில் கை தானாகக் குமிழுக்குப் போனது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. சில நேரம் நீளமாக, யாரோ ஒன்றை விளக்கிச் சொல்வதுபோல. சில நேரம் ஒரு சொல்லுக்கு மட்டும். தாணுவுக்கு அழுகை வந்தது. ஐம்பத்தொரு வயசில் விம்மி விம்மி அழுதார். கண்ணைத் துடைப்பதற்குள் விளக்கு எரிந்து அணைந்தால் அதையும் தவறவிட்டுவிடுவோமே என்று பயந்து, துடைக்காமலே பார்த்துக்கொண்டிருந்தார்.

முப்பதாவது நிமிடத்துக்குப் பிறகு இடைவெளி கூடிக்கொண்டே போனது. கடைசி ஐந்து நிமிடம் விளக்கு எரியவே இல்லை. தாணு வாக்கிடாக்கியை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

கதவு திறந்தது. இசபெல் உள்ளே வந்து கையுறைகளைக் கழற்றினார். மூக்கு சிவந்திருந்தது. தாணு எழுந்தார்.

"மேடம், இவ்வளவு நேரம் என்ன சொன்னீங்க?"

இசபெல் கையுறைகளை மேசையில் வைத்தார்.

"எங்கிட்டதானே சொன்னீங்க? என்ன மேடம் சொன்னீங்க?"

இசபெல் மூலையில் இருந்த தொலைபேசியை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தார்.

"லிங்கேஸ்வரியும் இதையேதானே சார் கேட்டாங்க" என்றார்.