பித்தளை பச்சை போர்த்திய கதை

அந்தக் காலத்தில் மண்ணுக்கும் மரத்துக்கும், பாத்திரத்துக்கும்கூட வாய் இருந்தது. பித்தளை அப்போதெல்லாம் நிறம் மாறாது. எத்தனை வருஷம் புதைந்து கிடந்தாலும் தங்கம் போலவே மின்னும்.

ஒரு ஐப்பசியில் ஆறு கரையை உடைத்து, ஓர் ஊரையே வண்டலுக்குள் அமுக்கிவிட்டது. வெள்ளம் வடிந்ததும் பிழைத்தவர்கள் திரும்பிவந்து, தங்கள் வீடு இருந்த இடத்தைக் குத்துமதிப்பாகப் பார்த்துத் தோண்டினார்கள். பூவாத்தாளும் அவள் கணவன் நாச்சிமுத்துவும் மாசி பிறந்தும் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய கைக்குழந்தை மயிலாளை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. பூவாத்தாள் தேடியது அவளுக்குப் பால் புகட்டிய பித்தளைப் பாலாடையை மட்டும்தான்.

புதையல் தேடுகிறவர்களும் வந்து சேர்ந்தார்கள். மண்ணில் எங்கே மஞ்சளாக மின்னினாலும் தங்கம் என்று பிடுங்குவார்கள். கல்லில் வைத்து அடித்துப் பார்ப்பார்கள். பித்தளை என்று தெரிந்ததும் எறிந்துவிட்டு அடுத்த குழிக்குப் போவார்கள். ஆற்றங்கரை முழுக்க நசுங்கிய சொம்பும் உடைந்த விளக்குமாகக் கிடந்தது.

வண்டலுக்கடியில் இருந்த பாலாடைக்கு அந்தச் சத்தம் கேட்டது.

"மண்ணே, என்னை மறைத்துவிடு. அடுத்த அடி எனக்குத்தான்."

"மறைக்கலாம்" என்றது மண். ஓயாமல் வெட்டுப்பட்டு அதற்கும் களைப்பு. "பச்சையாக ஒரு போர்வை தருகிறேன். அதைப் போர்த்தினால் மின்ன மாட்டாய். ஆனால் உன் வாயும் மூடிக்கொள்ளும். உன் வீட்டுக்காரியே வந்து நின்றாலும் நான்தான் என்று உன்னால் சொல்ல முடியாது."

பாலாடை சொன்னது: "உடைந்துபோனால் அவளுக்கு நான் எதற்கு? போர்த்திவிடு."

மண் போர்த்தியது. தன் மடியில் கிடந்த மற்றப் பித்தளைக்கும் சேர்த்தே போர்த்திவிட்டது.

மறுநாள் புதையல் தேடியவர்களில் ஒருவன் பாலாடையைத் தோண்டி எடுத்தான். "பாசி பிடிச்ச ஓடு" என்று வீசினான். அது ஒரு புளியமரத்தடியில் போய் விழுந்தது. மின்னுவது எதுவும் அகப்படாததால் அவர்கள் சலித்துப்போய் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள்.

இடுப்பு வலி தாங்காமல் அந்த மரத்தடியில் உட்கார்ந்த பூவாத்தாளின் கையில் அது தட்டுப்பட்டது.

"அதைப் போடு புள்ள. தோண்டினது போதும், வா போலாம்" என்றான் நாச்சிமுத்து.

"ஓடுன்னா இத்தனை கனம் இருக்காதுங்க."

அவள் ஒரு கூர்க்கல்லை எடுத்துச் சுரண்டப் போனாள்.

"சுரண்டாதே ஆத்தா" என்றது புளியமரம். "பச்சையோடு சேர்ந்து அடியில் இருப்பதும் போய்விடும். என் பழத்தைத் தண்ணீரில் கரைத்து மெதுவாகத் தேய்."

அவள் தேய்த்தாள். கை ஓய்ந்தபோது நிறுத்தினாள், பிறகு மறுபடி தேய்த்தாள். தண்ணீர் பச்சையாக வழிந்தது. அடியில் மஞ்சள் தெரிந்தது. விரலில் சின்னச் சின்னப் புள்ளிகள் தட்டுப்பட்டன. உளியால் கொத்திய பெயர். பூவாத்தாளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் பால் புகட்டும்போதெல்லாம் அவள் விரல் அந்தப் புள்ளிகளின் மேல்தான் இருக்கும்.

"மயிலா" என்றாள்.

நாச்சிமுத்து மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். இருவரும் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பாலாடை ஒன்றும் பேசவில்லை. மூடிய வாய் மூடியதுதான்.

"மண் போர்த்தியது முழுசாக விடாது. கொஞ்ச நாளில் மறுபடி மங்கும், பச்சை பிடிக்கும்" என்றது மரம்.

"பிடிக்கட்டும். எனக்கு இனி வேறென்ன வேலை" என்றாள் பூவாத்தாள்.

அன்று முதல்தான் மண்ணில் கிடக்கும் பித்தளை, பச்சையைப் போர்த்திக்கொண்டு வாய் திறக்காமல் கிடக்கிறது. புளி போட்டுப் பொறுமையாகத் தேய்க்கிற கைக்கு மட்டும் தான் யாரென்று காட்டுகிறது.