மாசிலாமணி வந்துபோன கூட்டம்

மேகம் இறங்கினால் பகலிலேயே விளக்குப் போடும் மலையூர் அது. அங்கே ஆட்டோக்காரர்கள் தங்களுக்குள்ளேயே ஒரு காப்பீட்டுச் சங்கம் வைத்திருந்தார்கள். கட்டிய சந்தாவில் விபத்துகளுக்குக் கொடுத்து, அவசரத்துக்கு ஒதுக்கியது போக, வருஷக் கடைசியில் மிஞ்சுவது லாபமல்ல. கட்டியவர்களுக்கு, கட்டிய அளவுக்கேற்பத் திரும்பிப் போகவேண்டிய பணம்.

அந்த வருஷத்துக்குக் கட்டியிருந்த மாசிலாமணி தை மாதம் காய்ச்சலில் இறந்துபோனான். அவன் ஆட்டோவை இப்போது மனைவி பூங்காவனம் ஓட்டுகிறாள். அவன் பங்கு வந்தால்தான் வண்டிக்கு டயர். சித்திரையில், பணம் பிரிக்கும் நாளில் போய்க் கேட்டாள்.

“பாலிசி அவன் பேர்ல இருக்கு. அவனே நேர்ல வந்து கையெழுத்துப் போடட்டும்,” என்றார் தலைவர் அம்பலவாணர்.

“செத்தவரு எப்படிங்கய்யா வருவாரு?”

“அது உன் பாடு.”

சிலர் சிரித்தார்கள். பூங்காவனம் மேசைமேல் கிடந்த வருகைப் பதிவேட்டைப் புரட்டினாள். ஆள் குறைந்தால் பொதுக்கூட்டம் செல்லாது என்பதும் சங்க விதிதான்.

“வந்திருக்காருங்களே! போன மாசம், பங்குனிக் கூட்டத்துல கையெழுத்தே போட்டிருக்காரு.”

சன்னல் வழியே மேகம் உள்ளே நுழைந்தது. தலைவருக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் மெல்ல எழுந்து தள்ளி நின்றார்.

“வரலைன்னா, இதைப் போட்டது யாருங்கய்யா?”

அம்பலவாணர் பதிவேட்டை மூடினார். “வ... வந்தான்,” என்று பணத்தை நீட்டினார்.

பின்வரிசையில் வெள்ளைப் புடவை கட்டிய நாலு பேர் எழுந்தார்கள்.

“எங்க வீட்டுக்காரரும் வந்தாருங்களா?”