கரையேறாத தச்சன்

நீலத்துறை அரசர் வளவதேவருக்குப் பெரிய கப்பல் ஒன்று கட்ட ஆசை. உள்ளூர்த் தச்சர்கள் தோணிதான் கட்டுவார்கள். அதனால் கடலுக்கு அப்பாலுள்ள சாவக நாட்டிலிருந்து சுரோ என்ற கப்பல் தச்சனை வரவழைத்தார். அவனும் மனைவி மெலாத்தியை அழைத்துக்கொண்டு தன் படகிலேயே வந்து சேர்ந்தான். மெலாத்தி அப்போது நிறைமாதக் கர்ப்பிணி.

வந்தவன் வீடு தேடினான். "குடியிருப்பு முத்திரை எங்கே?" என்றார்கள் வீட்டுக்காரர்கள். முத்திரைக்காகத் துறை அதிகாரி கருணாகரரிடம் ஓடினான். "வீடு எங்கே?" என்றார் அவர்.

"முத்திரை இல்லாமல் வீடு தர மாட்டேன் என்கிறார்களே ஐயா!"

"வீடு இல்லாமல் நான் முத்திரை தர முடியாதே அப்பா!"

பாவம், இருவரும் படகிலேயே கிடந்தார்கள். மழைக்காலமும் வந்துவிட்டது. ஒருநாள் படகுக்குள் தண்ணீர் ஒழுகுவதைப் பார்த்து மெலாத்தி அழுதுவிட்டாள். "என் பிள்ளை இந்த ஈரத்திலா பிறக்கணும்? வாங்க, ஊருக்கே போயிடலாம்."

துறைக்கு மீன் வாங்க வந்த விடங்கன் காதில் அது விழுந்தது. அரசவையில் குறும்புக்குப் பேர்போனவன் அவன். நடந்ததைக் கேட்டறிந்தான். மீனை மறந்தான். சுரோவைக் கையோடு அரசவைக்கு அழைத்துப் போனான்.

அரசர் கொதித்தார். "நான் அழைத்த தச்சன் படகிலா கிடக்கிறான்? என்ன ஐயா இது, கருணாகரரே?"

"தங்கள் பாட்டனார் போட்ட சட்டம், அரசே. முத்திரை இல்லாதவர் எங்கே நின்றாலும் சட்டப்படி கடலில்தான் நிற்கிறார். இவர் இன்னும் நம் நாட்டுக்கே வரவில்லை."

பாட்டனார் சட்டத்தை மீறுவதில்லை என்று முடிசூடியபோதே சத்தியம் செய்தவர் அரசர்.

விடங்கன் கருணாகரரிடம் பணிவாகக் கேட்டான்: "ஐயா, நேற்று இவர் படகில் ஏறினீர்களாமே?"

"ஆமாம், சோதனைக்கு."

"அந்தப் படகு நம் நாட்டில் இருக்கிறதா?"

"இல்லை. சட்டப்படி அது வெளிநாடு."

"அப்படியானால் நேற்று நீங்கள் வெளிநாடு போயிருக்கிறீர்கள். போனவர் திரும்பி வந்தால்?"

"புது முத்திரை வாங்க வேண்டும்," என்று பெருமையாகச் சொன்ன கருணாகரர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"வாங்கினீர்களா?"

"நான் இந்த ஊர்க்காரன் ஐயா! மேலத்தெருவில் மாடிவீடு இருக்கிறது!"

"முத்திரை இல்லாதவருக்கு ஏது வீடு? வீடு இல்லாதவருக்கு ஏது முத்திரை? அரசே, இவரும் கடலில்தான் நிற்கிறார். இன்று ராத்திரி சுரோவின் படகில் இவருக்கும் கொஞ்சம் இடம் ஒதுக்கச் சொல்லலாமா?"

கருணாகரர் பதறி முன்னால் வந்தார். "அரசே, ஒரு வழி இருக்கிறது! அரசரின் விருந்தாளிக்கு அரண்மனையே வீடு. அவருக்கு உடனே முத்திரை தரலாம் என்று அதே சட்டத்தில் இருக்கிறது!"

"இவனை அழைத்ததே நான்தானே! இத்தனை நாள் அதை ஏன் சொல்லவில்லை?"

"யாரும் கேட்கவில்லை, அரசே."

கருணாகரர் விடங்கன் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னையும் அரசரின் விருந்தாளி ஆக்கச் சொல்லப்பா. எப்படியாவது என்னைக் கரையேற்று!"

"ஏற்றலாம் ஐயா," என்றான் விடங்கன். "ஆனால் வரிசையில் வாருங்கள். சுரோ, மெலாத்தி, பிறக்கப்போகும் பிள்ளை. அதற்கப்புறம் நீங்கள்."

அரசர் சிம்மாசனம் குலுங்கச் சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றி விடங்கன் கழுத்தில் போட்டார். கருணாகரரோ அந்தப் பிள்ளை பிறக்கும்வரை நான்கு நாள் அரண்மனை வாசலிலேயே காத்துக்கிடந்தார். பெண் குழந்தை என்று சேதி வந்ததும், பெற்றவர்களைவிட அதிகமாகத் துள்ளிக் குதித்தவர் அவர்தான்.